பழைய அளவீட்டுக் கருவிகளும் எண் குழாய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பாசாருக்குப் பின்னால் இருக்கும் என் பட்டறைக்கு மாதத்தில் இரண்டு மூன்று பேராவது கனமான சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முகப்பில் கண்ணாடிக் குழாய்கள், உள்ளே ஆரஞ்சு நிற எண்கள். சிலருடையது அப்பா வேலை செய்த தொழிற்சாலையிலிருந்து வந்தது. சிலர் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியிருப்பார்கள். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எண் தெரியவில்லை என்றால் குழாயைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். அதைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு குழாயிடம் வாருங்கள்.

எண் குழாய் என்பது வால்வா, பல்பா?

இரண்டும் இல்லை. பழைய வானொலி வால்வில் சூடாகும் இழை ஒன்று இருக்கும், உள்ளே வெற்றிடம். எண் குழாயில் இழையே கிடையாது. குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு அடைத்திருப்பார்கள். 0 முதல் 9 வரை எண் வடிவில் வெட்டிய பத்து மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு முன்னால் ஒரு வலை, அதுதான் நேர்முனை. எந்த எண்ணின் கம்பியைத் தரைக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுக்கிறோமோ அந்த எண்ணைச் சுற்றியுள்ள வாயு ஒளிரும். கோயில் கடைகளில் முன்பு தொங்கிய சின்ன நியான் விளக்கின் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1955இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் ‘நிக்ஸி’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரே எல்லா நிறுவனங்களின் குழாய்களுக்கும் ஒட்டிக்கொண்டது. 1970களில் எல்இடி எண்கள் வந்து இதைத் தள்ளிவிட்டன.

நம் தோட்டப்புறத்துக்கு இதெல்லாம் எப்படி வந்தது?

இதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பெட்டியைக் கொண்டுவருகிற இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட்-பேக்கார்ட் எல்லாம் அந்த ஆண்டில் வந்தவைதான். கடைசியாகச் சொன்ன நிறுவனம் உலகத்துக்கே அளவீட்டுக் கருவி செய்து கொடுத்தது. அதன் கருவிப் பிரிவு 1999இல் அஜிலென்ட் ஆகி, 2014இல் கீசைட் ஆகி, இன்றும் பினாங்கில் இருக்கிறது. ஒரு சில்லு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஃப்ரீகுவென்சி கவுண்டர் (நொடிக்கு எத்தனை அலை என்று எண்ணும் கருவி), வோல்ட்மீட்டர், ஆஸிலாஸ்கோப் (மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) எல்லாம் வேண்டும். அந்தக் கருவிகள் அங்கே வரிசை வரிசையாக இருந்தன.

1985இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகு தொழிற்சாலைப் பேருந்துகள் விடிவதற்கு முன்பே நம் பக்கம் வந்து ஆள் ஏற்றிக்கொண்டன. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கிளம்பும் அதே நேரத்தில் அக்கா சீருடை போட்டுக்கொண்டு சாலையோரம் நிற்பார். எங்கள் லயத்திலேயே நான்கு வீடுகளில் அப்படி. பின்னாளில் நானும் ஒரு தொழிற்சாலையில் கருவிகளின் அளவு சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். புதுக் கருவி வந்தால் பழையது கழிவுக்குப் போகும், கழிவு லாரி பழைய இரும்புக் கடைக்குப் போகும், அங்கிருந்து யார் வீட்டு அடுக்களை மேடைக்கோ போகும். நம் அக்காமார்கள் தினமும் பார்த்துக் குறித்துக்கொண்ட எண்கள் அந்தக் குழாய்களில்தான் எரிந்தன. இவற்றைப் பழுதுபார்ப்பது எனக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாததற்கு அதுதான் காரணம்.

வாங்கி வந்துவிட்டேன். முதலில் பிளக்கைச் செருகிப் பார்க்கட்டுமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இருபது முப்பது ஆண்டு தூங்கிய கருவியை ஒரே அடியில் 240 வோல்ட்டில் எழுப்பினால், எளிதாகப் போயிருக்க வேண்டிய பழுது பெரிய பழுதாகிவிடும்.

மூடியைக் கழற்றுங்கள். நம் ஊர்க் கருவிக்குள் பல்லி முட்டை, குளவிக் கூடு, கரப்பான் எச்சம் இல்லாமல் இருக்காது. மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். கம்ப்ரசர் காற்றை நேரடியாக அடித்தால் குழாயின் கால்கள் முறியலாம்.

அடுத்து, பின்பக்கம் வோல்ட் தேர்வுச் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கக் கருவி 115இல் நின்றால் 230க்கு மாற்றுங்கள். மாற்றும்போது ஃபியூஸையும் மாற்ற வேண்டும். 230இல் ஓடும்போது அது எடுக்கும் மின்னோட்டம் பாதிதான், ஆகவே ஃபியூஸும் பாதி அளவுடையதாக இருக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதன்பின் மின்கம்பியின் வழியில் தொடராக ஒரு 60 வாட் இழை பல்பை வையுங்கள். சுவிட்ச் போட்டதும் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. சூடாகச் சூடாக மின்தடை ஏறும் இழைதான் இங்கே காவல்காரன்.

பழைய வயரில் கறுப்பு, வெள்ளை, பச்சை இருக்கிறது. கறுப்பு நியூட்ரல்தானே?

இதில்தான் உயிரே இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். நம் நாட்டுப் பழைய வீட்டு வயரிங் பிரிட்டிஷ் முறை: சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். அமெரிக்க வயரில் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். நம் பழக்கத்தில் கறுப்பை நியூட்ரலில் முடுக்கினால் கருவியின் ஃபியூஸும் சுவிட்சும் நியூட்ரல் பக்கம் போய்விடும். அணைத்த பிறகும் உள்ளே லைவ் நிற்கும். புது வயராக இருந்தால் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சந்தேகம் இருந்தால் நிறத்தை நம்பாமல் மீட்டரை வைத்து, ஃபியூஸ் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் லைவுக்குப் போக வேண்டியது.

செருகியதுமே வீட்டு இஎல்சிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. எர்த் கம்பியை எடுத்துவிட்டால் நிற்கிறது என்று நண்பர் சொன்னார்.

நிற்கும். ஆனால் அப்போது கருவியின் உலோகப் பெட்டியே ஷாக் அடிக்கக் காத்திருக்கும். எர்த்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். இஎல்சிபி விழுகிறது என்றால் கசிவு இருக்கிறது என்று அது உண்மையைச் சொல்கிறது. பெரும்பாலும் மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்தான் காரணம். ரீஃபா நிறுவனத்தின் பழைய காகித கெப்பாசிட்டர்களை எளிதில் அடையாளம் காணலாம்: தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும், மேல் உறை பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஈரம் உள்ளே போய் ஒருநாள் புகையும். நல்ல நிலையில் இருப்பது போல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். புதியது பாதுகாப்பு முத்திரை பெற்ற எக்ஸ் அல்லது ஒய் வகையாக இருக்க வேண்டும், சாதாரண கெப்பாசிட்டர் அங்கே போகக்கூடாது.

குழாய் எரியவில்லை. போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஆரம்ப காலக் குழாய்கள் 5,000 மணி நேரம் வாழ்ந்தன, கடைசிக் காலத்தில் செய்தவை 2,00,000 மணி நேரம் வரைகூடப் போகும். இழை இல்லாததால் அறுந்துபோக எதுவும் இல்லை. கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்திருந்தால் மட்டும்தான் குழாய் உண்மையில் செத்தது.

எல்லாக் குழாயும் சேர்ந்து இருட்டாக இருந்தால் உயர் மின்னழுத்தம் வரவில்லை. குழாய் பற்றிக்கொள்ள 170 வோல்ட் அளவு வேண்டும். அந்த வழியில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், ரெக்டிஃபையர், ஃபியூஸ் மூன்றையும் பாருங்கள்.

ஒன்று மட்டும் எரியவில்லை என்றால், சாக்கெட் உள்ள கருவியில் அதைப் பக்கத்துக் குழாயுடன் இடம் மாற்றுங்கள். இதைவிட நல்ல சோதனை எதுவும் எனக்குத் தெரியாது, ஒரு காசு செலவும் இல்லை. கோளாறு குழாயோடு நகர்ந்தால் குழாய், அதே இடத்தில் நின்றால் சர்க்யூட். என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலும் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறது.

மங்கலாக எரிந்தால் நேர்முனை ரெசிஸ்டரைக் கழற்றி அளந்து பாருங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு ஏறும், நம் ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம். ஒரு கணக்கு: 180 வோல்ட் கொடுக்கிறோம், எரியும் குழாயில் 140 வோல்ட் நிற்கிறது, மீதி 40 வோல்ட் ரெசிஸ்டரில். அது 20 கிலோ ஓம் என்றால் 2 மில்லி ஆம்பியர் ஓடும். 33 கிலோ ஓமாக ஏறியிருந்தால் 1.2 மில்லி ஆம்பியர்தான். எண்ணின் ஓரங்கள் எரியாமல் போகும், பார்ப்பவர் குழாய் தேய்ந்துவிட்டது என்பார். சில காசு ரெசிஸ்டருக்காக நல்ல குழாயைக் குப்பையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு குழாயில் ஒரே ஓர் எண் மட்டும் வராவிட்டால் டிரைவர் ஐசியை, அதாவது எரிய வேண்டிய எண்ணின் கம்பியைத் தேர்ந்து தரைக்கு இழுக்கும் சில்லைச் சந்தேகப்படலாம். 1960களின் இறுதிக்குப் பிறகு வந்த பல கருவிகளில் அது எஸ்என்7441 அல்லது எஸ்என்74141. இப்போது இரண்டும் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆனால் சோவியத் நாட்டில் செய்த கே155ஐடி1 என்ற ஐசி 74141க்குக் கால் மாறாமல் பொருந்தும், இன்னும் விற்பனையில் இருக்கிறது. எழுத்து ரஷ்ய லிபியில் இருக்கும், பயப்பட வேண்டாம்.

எண்ணின் ஒரு பகுதி மட்டும் எரிகிறது. 8இன் தலை இருக்கிறது, வயிறு இல்லை.

இது மட்டும் உண்மையிலேயே குழாயின் நோய். இதற்கு மருந்தும் உண்டு.

ஓர் எண் எரியும்போது நியான் அயனிகள் அந்த உலோகத்தை இடைவிடாமல் மோதுகின்றன. மோதலில் தெறிக்கும் அணுக்கள் பக்கத்தில் எரியாமல் நிற்கும் எண்களின் மேல் படிகின்றன. படிவு பிடித்த இடத்தில் ஒளி பிடிக்காது. தொழிற்சாலைக் கருவிகளில் இது அதிகம், ஏனென்றால் அவை ஆண்டுக்கணக்கில் ஒரே அளவைத்தான் பார்த்தன. என்னிடம் ஒரு கவுண்டர் வந்தது. முதல் குழாயில் 1 மட்டும் பளிச்சென்று எரிந்தது, மற்ற ஒன்பதும் அரைகுறை. அடுத்தடுத்த குழாய்களில் 0 மட்டும் நன்றாக இருந்தது. 10 மெகாஹெர்ட்ஸை மட்டுமே வாழ்நாள் முழுக்க எண்ணிய கருவி என்று அதைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம்.

மருத்துவம் இப்படி. பாதிக்கப்பட்ட எண்ணை மட்டும் தனியாக, வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டத்தில் எரிய விடுங்கள். 2 மில்லி ஆம்பியர் குழாய் என்றால் 4. படிவு தானாகவே தட்டி எடுக்கப்படும். சில எண்கள் ஒரு மணி நேரத்தில் தெளியும், சில மூன்று நாள் கேட்கும். உள்ளிருக்கும் இணைப்புக் கம்பிகளே ஒளிரத் தொடங்கினால் மின்னோட்டம் அதிகம், குறையுங்கள். அந்தக் கவுண்டரை ஒரு வாரம் வைத்திருந்தேன். பசியாறப் போகும் முன் ஒரு எண், திரும்பி வந்து அடுத்த எண். எட்டுக் குழாயும் மீண்டன, ஒன்றைக்கூட மாற்றவில்லை.

குணமான பிறகும் எப்போதாவது எல்லா எண்களும் ஓடும்படி விடுங்கள். அதுதான் தடுப்பு மருந்து.

காலையில் போட்டால் இரண்டு எண்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிகின்றன. மதியம் சரியாகிவிடுகிறது.

இரவு மழை பெய்ததா என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் சர்க்யூட்டில் வோல்ட் அதிகம், மின்னோட்டம் மிகக் குறைவு, ஆகவே போர்டில் படிந்த தூசி ஈரம் குடித்தால் அதன் வழியாகக் கசியும் சிறு மின்சாரமே பக்கத்து எண்ணை எரிய வைக்கப் போதும். கருவி சூடாகி ஈரம் காய்ந்ததும் மறைந்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் குழாய்ச் சாக்கெட்டையும் டிரைவர் பகுதியையும் கழுவி, ஒரு நாள் காயவிட்டுப் பாருங்கள். மதியமும் மாறாமல் அப்படியே இருந்தால் டிரைவர் ஐசி கசிகிறது.

மூடி திறந்திருந்தால் எரிகிறது, மூடியைப் போட்டால் எரிய மறுக்கிறது. பேய் பிடித்ததா?

இது மெய்யாகவே அழகான விஷயம். வாயு பற்றிக்கொள்ள முதலில் ஒன்றிரண்டு எலக்ட்ரான்கள் உள்ளே சுதந்திரமாக இருக்க வேண்டும். வெளிச்சம் உலோகத்தின் மேல் பட்டு அவற்றை விடுவிக்கிறது. முழு இருட்டில் அந்த உதவி இல்லாததால் குழாய் தயங்குகிறது. சில தயாரிப்பாளர்கள் இதற்காகவே மிகச் சிறிய அளவு கதிரியக்க வாயுவைச் சேர்த்தார்கள். அது ஆண்டுகள் போகப் போகத் தேய்ந்துவிடும். பற்றவைக்கும் வோல்ட் குறைந்திருக்கும் கருவியில் இந்தத் தயக்கம் பெரிதாகத் தெரியும். ஆகவே முதலில் உயர் மின்னழுத்தத்தைச் சரிபாருங்கள்.

குழாய் உண்மையில் உடைந்துவிட்டது. எங்கே வாங்குவது, எதை வாங்குவது?

முதலில் குழாயின் எண்ணைப் படியுங்கள். ஐரோப்பியக் கருவியில் இசட்எம்1020 போன்ற பெயர் இருக்கும். அது மேலிருந்து பார்க்கும் வகை, கண்ணாடியில் சிவப்பு வார்னிஷ் பூசியிருக்கும். அந்த வார்னிஷைச் சுரண்டாதீர்கள், எண் தெளிவாகத் தெரியப் பூசியது அது.

அதே குழாய் பழைய இருப்பில் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் சோவியத் ஐஎன்-12 (மேலிருந்து பார்ப்பது), ஐஎன்-14 (பக்கவாட்டில் பார்ப்பது) இரண்டும் இன்னும் நிறையப் புழங்குகின்றன. இரண்டிலும் எண்ணின் உயரம் 18 மில்லிமீட்டர். கால்களின் வரிசை வேறு என்பதால் சின்ன இடைப்பலகை ஒன்று செய்து சாக்கெட்டில் செருக வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: இவற்றில் 5 என்பது தலைகீழாகத் திருப்பிய 2தான். மற்ற குழாய்களுக்கு நடுவில் ஒன்றை மட்டும் வைத்தால் கண் அங்கேயே போய் நிற்கும். அப்படியானால் அதை இடது ஓரத்தில், 5 அரிதாக வரும் இடத்தில் வையுங்கள்.

இங்கே தேடுபவர்களுக்கு: ஞாயிறு காலை ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் சந்தை, கோலாலம்பூரில் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகள், அப்புறம் கூலிம், பிறை பக்கத்துப் பழைய இரும்புக் கடைகள். கடைக்காரரிடம் எண்ணைச் சொன்னால் புரியாது. படத்தைக் காட்டுங்கள். இணையச் சந்தையில் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் 500 மலேசிய வெள்ளிக்குள் வரும் பொருளுக்கு 2024 முதல் 10 விழுக்காடு வரி சேரும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்குப் பதிலாக எல்இடி எண் போட்டுவிடலாமே?

சாக்கெட்டில் செருகி எடுக்கிற மாதிரி, ஒரு கம்பியையும் வெட்டாமல் செய்தால் எனக்கு மறுப்பில்லை. நாளை குழாய் கிடைத்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். போர்டை அறுத்துச் செய்வதற்கு என்னிடம் வராதீர்கள்.

குழாய்களை மட்டும் கழற்றிக் கொடுத்தால் கடிகாரம் செய்பவர்கள் நல்ல விலை தருகிறார்களாம்.

தருகிறார்கள். இதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. தைப்பிங் பக்கம் ஒருவர் எட்டுக் குழாய் கவுண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார், உள்ளே எட்டு ஓட்டைகள். அவர் வாங்குவதற்கு முந்திய வாரம் கடைக்காரர் குழாய்களை விற்றுவிட்டார். மற்ற எல்லாம், கருவிக்கு நேரக் கணக்குக் கொடுக்க சின்ன அடுப்புக்குள் சீரான சூட்டில் இருக்கும் கிரிஸ்டல் வரை, புதுசு போல் இருந்தது. கடிகாரத்துக்குக் குழாய் வேண்டுமென்றால் ஐஎன்-12 வாங்குங்கள், அல்லது செக் நாட்டில் ஒரு பட்டறை இப்போது புதிதாகவே கையால் ஊதிச் செய்கிறது, அங்கே வாங்குங்கள். முழுதாக இருக்கும் கருவியை உடைக்காதீர்கள்.

வேறு வகைக் காட்சிக் குழாய்களும் பார்ப்பீர்களா?

டெக்கட்ரான் வந்தால் எல்லா வேலையையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்ப்பேன். எண் காட்டாமல், வட்டத்தில் ஓர் ஒளிப் புள்ளி நகர்ந்து நகர்ந்து எண்ணும் குழாய் அது. எண்ணும் முனைகள் பத்து, புள்ளியைத் தள்ளிவிடும் முனைகள் இருபது. கதிரியக்கம் அளக்கும் கருவிகளில் இருக்கும். 400 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். பல ஆண்டு சும்மா இருந்தால் புள்ளி ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும், சில மணி நேரம் விடாமல் சுழல விட்டால் பல நேரம் சரியாகும். இங்கிலாந்தில் 1951இல் இயங்கத் தொடங்கிய ஹார்வெல் கணினி 828 டெக்கட்ரான்களை வைத்துச் செய்தது. 2012இல் அதை மீண்டும் ஓட வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் என் அலமாரியில் கிடந்த ஒன்றை எடுத்துத் துடைத்தேன்.

பச்சைக் கண் போல் எரியும் மேஜிக் ஐ வால்வு மங்கியிருந்தால் உள்ளே பூசிய பொடி தேய்ந்துவிட்டது, மருந்தில்லை. அமெரிக்க 6ஈ5க்கு ரஷ்ய வகை ஒன்று கிடைக்கும், ஆனால் அடிப்பகுதி வேறு, சாக்கெட் மாற்ற வேண்டும். நீலப்பச்சையாக எரியும் விஎஃப்டி (இழையும் ஒளிரும் பொடியும் உள்ள காட்சிக் குழாய்) மங்கினாலும் அதே கதைதான். இழையின் வோல்ட்டை ஏற்றிப் பிரகாசமாக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

வீட்டில் நானே செய்யலாமா? ஆபத்து எவ்வளவு?

180 வோல்ட் நேர்மின்சாரம் கையைப் பிடித்துக்கொள்ளும். பிளக்கை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும். சில கிலோ ஓம் கொண்ட பெரிய ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். ஓடும்போது அளந்தால் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். காலில் காலணி வேண்டும். நம் சிமெண்டுத் தரை மழைக்காலத்தில் நல்ல எர்த். தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். ஆஸிலாஸ்கோப்பின் திரைக் குழாய்ப் பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட், பழக்கம் இல்லாதவர் அதைத் திறக்கவே வேண்டாம். பல குழாய்களில் துளி பாதரசமும் இருக்கிறது. உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் பெருக்காமல், ஈரக் காகிதத்தால் எடுத்து மூடிய போத்தலில் போடுங்கள்.

எண் எரிகிறது. அது காட்டும் அளவு சரியா?

பல கவுண்டர்களில் தன்னையே சோதிக்கும் நிலை ஒன்று சுவிட்சில் இருக்கும். அதில் கடைசி இலக்கம் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம், அதற்கு மேல் ஆடக்கூடாது. அடுப்புக்குள் இருக்கும் கிரிஸ்டலுக்கு ஒரு முழு நாள் சூடாக நேரம் கொடுங்கள். பிறகு ஜிபிஎஸ் வழி ஓடும் 10 மெகாஹெர்ட்ஸ் மூலத்தோடு ஒப்பிட்டால் வீட்டு வேலைக்குப் போதும்.

சரி செய்த கருவியை எப்படி வைத்திருப்பது?

தரையில் வைக்காதீர்கள், சுவரோடு ஒட்டியும் வேண்டாம். அலமாரி என்றால் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறும்போது வறுத்து மறுபடி போடுங்கள். இடி இடிக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. காற்றுத் துளைகளை மெல்லிய வலையால் மூடுங்கள், பல்லி வராது. மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். மாலை வெளிச்சம் குறைந்த பிறகு ஓட விட்டால், எந்தக் குழாயில் எந்த எண் மங்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.